வியாழக்கிழமை மாத்திரை

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, கட்டிலில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "வியாழக்கிழமைக்குள்ள விட்ருவீங்களா?" என்பதுதான். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை என்று நான் சொன்னேன். "ஆடு எங்கயும் போயிடாது" என்றார் அவர். அப்பா சிரிக்கவில்லை. ஆடு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்பா ஆட்டுத் தரகர். விற்க வருகிறவருக்கும் வாங்க வருகிறவருக்கும் நடுவில் நின்று விலையை முடித்துவைப்பது அவர் தொழில். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ஆயிரம், விரலின் பாதியைத் தொட்டால் அதில் பாதி. சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். பேச்சு நடக்கும்போது ஒருவர் கையை உருவிவிட்டால் அந்த வியாபாரம் முறிந்ததாக அர்த்தம். இதைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் அப்பா செய்தது வெறும் முட்டாள்தனமாகத் தோன்றும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அதனால் ரேஷன் கார்டிலிருந்து மாத்திரைச் சீட்டு வரை வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். டாக்டரம்மா நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னதையே நான் மறுபடி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். பல வருசமாக ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அந்த அழுத்தத்தில் இருதயம் களைத்துப்போய்விட்டது. அது தள்ள வேண்டிய ரத்தத்தைத் தள்ளாததால் தண்ணீர் நெஞ்சிலும் காலிலும் தேங்குகிறது. மாத்திரைகளில் ஒன்று பிரஷருக்கு, ஒன்று இருதயத்துக்கு, காலையில் போடும் வெள்ளை மாத்திரை நீரை இறக்குவதற்கு.

"இதைப் போட்டா ஒண்ணுக்கு நெறைய வரும். பயப்படாதீங்க. அந்தத் தண்ணி வெளிய போகணும்னுதான் குடுக்கறோம்" என்றார் டாக்டரம்மா. அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வயசுகூட இருக்காது அந்த டாக்டரம்மாவுக்கு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. வேறு எந்த மாத்திரை வாங்கினாலும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தினமும் காலையில் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். உடனே கிளம்பி வந்துவிட வேண்டும்.

அன்றைக்கே திண்டுக்கல்லில் ஒரு எடை மிஷின் வாங்கினேன். வெளிச்சம் இருக்கட்டும் என்று அதை வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி வைத்தேன்.

"ஏலே, என்னையக் கிலோ கணக்குல விக்கப் போறியா?" என்றார் அப்பா.

"வாங்க ஆளு வேணுமே" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூச்சு நேரானது. காலில் செருப்பு நுழைந்தது. மல்லாந்து படுத்துத் தூங்கினார். சோற்றுக்கு வைக்கும் வெஞ்சனம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். "இதை ஆடுகூட மோந்து பாக்காதுடி" என்று தட்டைத் தள்ளுவார், பிறகு இழுத்துக்கொள்வார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஓடியாடாமல் நின்று பேசுவது மட்டும் என்ற பேச்சில் சந்தைக்கும் போக ஆரம்பித்தார்.

முதல் வியாழக்கிழமை விடியும் முன்பே வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆடு ஏற்றும் குட்டியானை வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனார். வத்தலக்குண்டிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். குட்டிகளை மொத்தமாக எடுக்கிறவர். துண்டு விழுந்தது, விரல் பிடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாத்திரை வேலை செய்தது. ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டு வந்தவர்தான். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கையை உருவிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது இன்னொரு தரகரின் துண்டுக்குள் அந்த வத்தலக்குண்டுக்காரரின் கை இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "என்னப்பா, ஆட்டுக்குக் காட்ட வேண்டிய தண்ணிய நீயே குடிச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முந்தின சாயங்காலம் ஆட்டுக்குத் தவிட்டில் உப்பைக் கலந்து வைப்பார்கள். விடியக்காலம் தாகத்தில் அது தண்ணீரை முட்ட முட்டக் குடிக்கும். வயிறு புடைத்து, பார்க்கக் கொழுத்த ஆடு மாதிரி இருக்கும். எல்லோரும் செய்வதுதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கேலிதான் அப்பாவுக்குத் தைத்தது.

அடுத்த வியாழக்கிழமை அம்மா கையில் கொடுத்த மாத்திரையை வாயில் போடுவது போலக் கையைக் கொண்டுபோய், தண்ணீரை மட்டும் குடித்து, மாத்திரையை இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார். இதெல்லாம் பின்னால் ஆஸ்பத்திரியில் அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் நடந்தது எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாத்திரையை அவர் தூக்கிப் போடவில்லை. சர்க்கார் கொடுத்த மருந்து வீணாகக் கூடாது, டாக்டரம்மா சொன்னதும் மீறக் கூடாது. ஆகவே வியாழக்கிழமை மாத்திரையை வெள்ளிக்கிழமை மாத்திரையோடு சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொண்டார். தரகர் மனசில் அது சரியாகத்தான் இருந்திருக்கும். ஒரு நாள் நின்றதை மறுநாள் கொடுத்தாயிற்று, கணக்கு நேர்.

உடம்பு அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஓயாமல் வேலிப் பக்கம் போய் வருவதை அம்மா பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டுப் பட்டியில் குனிந்து நிமிர்ந்தவர் கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலமானால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கால் கட்டையைப் போலாகிவிடும், அம்மா உட்கார்ந்து நீவிவிடுவாள். நேற்றுச் சந்தையில் நின்ற வலி என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வலிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. மெடிக்கலில் போய், "ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பது. சீட்டு எதுவும் வேண்டாம். வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, இன்னும் என்னவோ இரண்டு, எல்லாவற்றையும் கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டுத் தருவார்கள். மில்லில் ஷிப்டு முடிந்து போகிறவர்கள், களை எடுத்துவிட்டு வருகிற பெண்கள், எல்லோரும் செட்டு போடுகிறவர்கள்தான். நானே போட்டிருக்கிறேன். அப்பா அதை மாத்திரையில் சேர்த்தே பார்த்ததில்லை. மாத்திரை என்றால் டாக்டர் தருவது. செட்டு என்றால் டீ குடிப்பது மாதிரி.

செட்டுக்கு வலி கேட்டது. கால் பிடிப்பு தெரியவில்லை. வாரத்துக்கு ஒன்று என்பது நாளுக்கு ஒன்றாகியது. அந்த வலி மாத்திரை உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், வெள்ளை மாத்திரை செய்வதையே கெடுக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை போக, மேற்கே நடக்கும் இன்னொரு சந்தைக்கும் போகத் தொடங்கியிருந்தார். அன்றைக்கும் மாத்திரை பெல்ட்டுக்குள்தான்.

முகம் உப்பியது. சந்தையில் அப்பாவின் கூட்டுத் தரகர் ஒருவர் இருந்தார், அம்மா வழியில் எனக்கு மாமா முறை. அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்: "மாப்ள, ஒங்கப்பனப் பாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலருந்து சதை போட்டுட்டான். சந்தையில அம்புட்டுப் பேரும் கேக்குறாய்ங்க, என்ன தீனி போடுறீங்கன்னு."

"ஒங்கக்கா கையில உப்பில்லாச் சோறு" என்றார் அப்பா. அவருக்குச் சந்தோஷம். எங்களுக்கும்தான். மெலிந்து, கண் உள்ளே போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்திருந்தோம். கன்னம் மினுமினுவென்று இருப்பதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

ஆனால் எடை மிஷினில் எடை ஏறவில்லை.

தினமும் மில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் நான்தான் குனிந்து நம்பரைப் பார்ப்பேன். முந்தின நாள் இருந்ததுதான் இருக்கும். சில நாள் கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கும். அப்பா ஒரு கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு நிற்பார். கேட்டால், "ஏறயில கிறுகிறுங்குது, நிதானத்துக்குப் புடிச்சிருக்கேன்" என்பார். அவர் பிடித்திருக்கவில்லை, அழுத்தியிருக்கிறார். கட்டையில் விரல்களை ஊன்றி, முந்தின நாள் நம்பர் வருகிற அளவுக்கு உடம்பைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். தராசில் செய்யக்கூடிய எல்லா வேலையும் தெரிந்த மனுசர். ஆட்டைத் தொங்கவிட்டு நிறுக்கும்போது முழங்காலை அடியில் கொடுப்பவனை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். என் குனிந்த தலைக்கு மேலே அவர் விரல் என்ன செய்கிறது என்று நான் எப்படிப் பார்ப்பேன்?

ஏன் செய்தார் என்றால், எடை ஏறினால் சந்தை கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். தீபாவளி வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின சந்தைகள்தான் ஒரு ஆட்டுத் தரகருக்கு வருசம். மற்ற நாளெல்லாம் அந்த நாட்களுக்காக நிற்பது.

அந்தச் சமயத்தில்தான் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கத் தொடங்கினார். படுத்தால் புழுக்கமாக இருக்கிறது என்றார். வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா என்னிடம் தனியாக வந்து சொன்னாள்.

"அப்பு, ஒங்கப்பா படுக்குறதே இல்ல. பைப்படிக்குப் போயிட்டு வந்தாலே நெஞ்சு ஏறி ஏறி எறங்குது."

"எடை ஏறலையேம்மா. தெனமும் பாக்குறேன்ல."

"எடை ஏறலேன்னா அந்த மனுசனுக்கு ஏன்டா மூச்சு வாங்குது?"

வருகிற வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை என்று சொன்னது அப்பாவுக்காக. வியாழக்கிழமை தீபாவளிக்கு முந்தின கடைசிச் சந்தை.

அந்த வியாழக்கிழமை மில்லில் இருந்தபோது மாமாவின் போன் வந்தது. பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம்.

"மாப்ள, ஒங்கப்பன் உக்காந்துட்டான். எந்திரிக்க மாட்டேங்குறான்."

"பேசுறாரா மாமா?"

"பேச்சு வரல. வாயில நொரையா வருது. நூத்தியெட்டுக்குச் சொல்லிருக்கேன். நீ அய்யலூருக்கு வராத, நேரா திண்டுக்கல்லுக்குப் போ."

கூட வேலை பார்க்கும் ஒருவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். நான் போனபோது அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை இறுக்கியிருந்தார்கள். கையில் ஊசி வழியாக மருந்து போய்க்கொண்டிருந்தது. பச்சை பெல்ட்டை யாரோ கழற்றி மாமாவின் கையில் கொடுத்திருந்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வராண்டாவில் நின்றார்.

"துண்டுக்குள்ள கை இருந்துச்சு மாப்ள" என்றார். "வெல முடியப் போற நேரம். விரலு சில்லுன்னு ஆகிருச்சுன்னு அந்த ஏவாரிதான் மொதல்ல சொன்னான். அப்பவும் கையை எடுக்கல ஒங்கப்பன்."

இரண்டாம் நாள்தான் மாஸ்க்கை எடுத்தார்கள். அதே டாக்டரம்மா வந்தார். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது, நிரம்பவில்லை. அப்பா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆட்டுக்கு நாங்க செய்யிறதுதான் இது" என்றார், யாரிடம் என்றில்லாமல். "தண்ணியக் காட்டி, சதைன்னு சொல்லி விக்கிறது. சந்தையில அம்புட்டுப் பேரு பாத்தாய்ங்க. ஒருத்தனுக்கும் வெளங்கல. எனக்கே வெளங்கல."

பிறகு டாக்டரம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். சந்தை நாள் மாத்திரை, வெள்ளிக்கிழமை இரண்டு மாத்திரை, செட்டு, கடைசியாக ஜன்னல் கட்டை. கடைசியைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சந்தைக்குப் போற அன்னைக்குக் காலையில போட முடியலேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா" என்றார். "திரும்பி வந்து மத்தியானம் போடுற மாதிரி நேரத்தை மாத்திக் குடுத்திருப்பேன். எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்றோம். பஸ் ஓட்டுறவங்க கேக்குறாங்க, கண்டக்டர் கேக்குறாங்க."

அவ்வளவுதான். நேரத்தை மாற்றினால் முடிந்திருக்கிற விஷயம்.

இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டதில் உடம்பின் உப்புச் சத்துகள் இறங்கிக் கால் இழுத்திருக்கிறது. அந்த இழுப்புக்குப் போட்ட செட்டு நீரைக் கட்டியதோடு கிட்னியையும் கெடுத்திருக்கிறது. இருதயம் முன்பைவிட இன்னும் தளர்ந்திருந்தது. போன தடவை போல இந்தத் தடவை முழுசாகத் திரும்பாது என்பதை டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கிட்னி பழுதானதால் சில மாத்திரைகளைக் குறைத்தார்கள், ஒன்றை நிறுத்தினார்கள். நிறுத்தியது இருதயத்துக்கு நல்லது செய்கிற மாத்திரை.

டாக்டரம்மா போனபின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளைகிட்டப் போய், ஒண்ணுக்கு அடக்க முடியல, சந்தையில சிரிக்கிறாய்ங்கன்னு எப்படிடா சொல்றது?"

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"ஒன்கிட்டச் சொன்னா அவுககிட்டத்தான சொல்லுவ."

அது உண்மைதான். சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மாத்திரைகளை நான் எடுத்துக் கொடுக்கிறேன், நான் இல்லாத நேரம் அம்மா கொடுக்கிறாள். விழுங்கி முடித்து, கேட்காமலே வாயைத் திறந்து காட்டுகிறார். அதைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. வேண்டாம்ப்பா என்று சொல்லியும் காட்டுகிறார். வாசலில் அவர் தினமும் உட்காரும் நாற்காலிக்குப் பின்னாலேயே ஒரு கக்கூஸ் கட்டியிருக்கிறோம். வியாழக்கிழமையும் இப்போது அவருக்கு மற்ற நாள் மாதிரிதான்.

வியாழக்கிழமை மத்தியானம் சந்தை கலைந்ததும் மாமா வருவார். செத்த நேரம் மூச்சு விட்டுவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போடுவார்.

"சொல்லு மச்சான். கருப்புக் கிடா, ரெண்டு பல்லு, நல்ல ஒசரம். என்ன போச்சு?"

உள்ளே விரல்கள் அசையும். அப்பா ஒன்றைப் பிடிப்பார் போல. மாமா இல்லையென்று தலையை ஆட்டி, உண்மையில் போன விலைக்கு அப்பாவின் விரலைப் பிடிப்பார்.

"போடா, அம்புட்டுக்கு ஒங்க தாத்தனுக்குத்தான் வித்திருப்ப" என்பார் அப்பா, உடனே கேட்பார்:

"ஏவாரி யாரு? வத்தலக்குண்டானா?"

"அவனேதான்."

"அவனுக்கு அந்த வெல சாஸ்தி. ஏமாத்திருக்க."

மாமா சிரிப்பார். அப்பாவும் சிரிக்கப் பார்ப்பார், இருமல் வந்துவிடும். மாமா துண்டை எடுக்காமல் இருமல் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். போன வாரம் போகும்போது என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டு, "விரலு ரொம்ப மெலிஞ்சு போச்சு மாப்ள. புடிச்சா எலும்பு மட்டுந்தான் இருக்கு" என்றார். அவர் அதை விரலால் அறிந்திருக்கிறார். எனக்கு அதற்கு முன்பே நம்பரில் தெரிந்திருந்தது.

எடை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், இறங்கினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் தண்ணீர்தான் போகிறது என்று நினைத்தேன். அப்பாதான் மிஷினில் நின்றபடி, "இது தண்ணி இல்லடா. சதை போகுது" என்றார். அவரைக் கூட்டிப்போய், அவர் சொன்ன வார்த்தையிலேயே கேட்டேன். டாக்டரம்மா அவர் மேல்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த நோயில் கடைசி கடைசியில் இப்படியும் ஆகும் என்றார். சத்தாகக் கொடுங்கள், உப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு மாத்திரை எதுவும் எழுதவில்லை.

இன்று காலையும் எடை பார்த்தோம். மிஷின் அதே ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்றபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அம்மா அவர் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டு விலகிக்கொண்டாள். ஏறி நின்றதும் அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இப்படித்தான் நிற்கிறார். நான் ஒருநாளும் தூக்கச் சொன்னதில்லை. நான் குனிந்தேன். நம்பர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. நேற்றைவிடக் குறைவு.

"பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேன்ப்பா. கையை எறக்கு."

"நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.